தாமோதரன் அண்ணாவும் ஐந்தாம் நம்பரும்

செய்தி வந்தபோது நான் சாங்வியில் ஒரு அச்சகத்தில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். எங்கள் முதலாளி போன் செய்தார். தாமு அண்ணா போய்விட்டார், காலையில் பால் வாங்கிவந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று மராத்தியில் சொன்னார். "சரி சார்" என்றேன். போனை வைத்துவிட்டு மூடியைப் பொருத்தி நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். அச்சகக்காரரிடம் கையெழுத்து வாங்கினேன். டீ வேண்டுமா என்றார், குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று அவரிடம் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

அழவில்லை. இதை எழுதும் இன்றுவரைக்கும் அழவில்லை. பெருமைக்கோ வெட்கத்துக்கோ இதைச் சொல்லவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. தொட்டால் தொடுவது தெரிகிறது, வலி தெரியவில்லை. இந்த நிலையில் ஒருவரைப் பற்றி எழுதலாமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாமோதரன் இந்த மராத்தி மண்ணில், கட்கியில் பிறந்து கட்கியிலேயே வளர்ந்தவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம், மூன்றாவது தலைமுறை. சொந்த ஊர் எது என்று கேட்டால் முறைப்பார். "நமக்கு ஊரு கட்கிதான். வேற ஊரு இன்னாத்துக்கு?" என்பார். படித்தது மராத்திப் பள்ளியில். தமிழ் வாய் நிறையப் பேசுவார், ஒரு வரி படிக்க வராது. மராத்திக்காரர்கள் தென்னாட்டவர் எல்லாரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எல்லாருக்கும் தாமு அண்ணா ஆனது அப்படித்தான். எனக்கும்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கணவரின் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காக வாகட்டுக்கு வந்து, அடுக்குமாடி வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், போசரியில் ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தவள். எங்கள் வேலை விசித்திரமானது. தொழிற்சாலைகளில் பரிசோதனை மிஷின்கள் இருக்கும். மிஷின் கல்லுமாதிரி இருக்கும், ஆனால் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கார்டு பழைய காலத்து ஸ்லாட்டில் மட்டும்தான் போகும். அந்த ஸ்லாட் இருக்கிற கம்ப்யூட்டர் செய்வதை உலகம் நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆகவே அந்தக் கம்ப்யூட்டர் சாகக் கூடாது. சாகாமல் பார்த்துக்கொள்வது அண்ணாவும் நானும். அவர் எனக்குக் குரு கிரு ஒன்றும் இல்லை. பத்து வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டவர்.

முதல் சண்டை வானவடியில். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஒரு கிளினிக்கில் மதர்போர்டு மாற்றினோம். நான்கு கார்டுகளைத் திரும்பச் செருக வேண்டும். இந்தக் கார்டுகளுக்குப் பிளக் அண்ட் பிளே என்று பெயர். செருகினால் போதும், கம்ப்யூட்டர் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம். அதைத்தான் நானும் படித்திருந்தேன். நான்கையும் ஒரே மூச்சில் செருகிப் பவரைப் போட்டேன். ஒன்றைக் கண்டுபிடித்தது, இன்னொன்றைத் தொலைத்தது. திரும்பப் போட்டால் தொலைந்தது வந்தது, வந்தது தொலைந்தது. சாயங்காலம் வரைக்கும் இதேதான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று டீ குடித்தார். பிறகு எழுந்து வந்து நான்கு கார்டுகளையும் உருவி வெளியே வைத்தார். ஒன்றைச் செருகினார், பவர் போட்டார், கம்ப்யூட்டர் முழுதாக எழுந்திருக்கும்வரை காத்திருந்தார், நிறுத்தினார். அடுத்தது. "ஒவ்வொருத்தரா உள்ள வரட்டும் மா. கும்பலா வந்தா யார் யாருன்னு யாருக்கும் தெரியாது" என்றார். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் சரி. திரும்பி வரும்போது வண்டியில் நான் அவரோடு பேசவில்லை. மூன்று டீ குடிக்கும்வரை ஏன் சும்மா இருந்தார் என்று கோபம். நான் கேட்கவில்லையே, அதனால்தான் என்று அவரே ஒரு வாரம் கழித்துச் சொன்னார்.

சாக்கனில் ஒரு பட்டறையில் நான் ஜெயித்ததாக நினைத்த கதையும் உண்டு. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு நெட்வொர்க் கார்டுகள், ஒரே கம்ப்யூட்டரில் போட வேண்டும். எப்படிப் போட்டாலும் ஒன்றுதான் இருப்பதாகக் காட்டியது, அதுவும் கிறுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொண்டது. கார்டு கெட்டுப்போனது என்று சீட்டு எழுதிவிட்டேன். இந்த வகைக் கார்டு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வரிசை எண் இருக்கும். பவர் வந்ததும் கம்ப்யூட்டர் எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிட்டு எண்ணைச் சொல்லச் சொல்லும். ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக்கொண்டே வரும்போது, வேறொன்றின் குரல் கேட்டால் ஒரு கார்டு தானே வாயை மூடிக்கொண்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கும். கடைசிவரை சொல்லி முடித்த கார்டுக்கு ஓர் இடம் கிடைக்கும். அப்புறம் மிச்சமிருப்பவை. அண்ணா இரண்டு கார்டுகளின் எண்ணையும் தனித்தனியாகப் படித்துப் பார்த்தார். மலிவாகச் செய்த எவனோ எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டு அனுப்பியிருந்தான். "பேரு ஒண்ணு, ஆளு ரெண்டு. சிஸ்டம் பாவம், இன்னா பண்ணும்?" என்று சொல்லி என் சீட்டைக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

தானாகக் கண்டுபிடிக்கும் எதையும் அவர் நம்ப மாட்டார். "தானா கண்டுபிடிக்கும்னு சொன்னவன் தானா போயிட்டான். நாமதான் இங்க குந்திக்கினு கீறோம்" என்பது அவர் அடிக்கடி சொன்னது. அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருப்பீர்கள்.

மௌனசாமியையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிளக் அண்ட் பிளே வருவதற்கு முந்தைய கார்டுகளுக்கு அவர் வைத்த பெயர் அது. அவற்றைக் கூப்பிட்டால் பதில் வராது. அவற்றின் மேல் இருக்கும் சின்ன உலோகத் துண்டுகளை நாமே கையால் மாற்றிவைத்து, நீ இந்த நம்பர் என்று சொல்லிவிட வேண்டும். கார்டு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த நம்பரில்தான் கம்ப்யூட்டரின் கவனத்தை இழுக்கும். சிக்கல் என்னவென்றால், வாய் திறக்காததால் அங்கே யாரோ இருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. காலி இடம் என்று நினைத்து வேறு கார்டுக்குக் கொடுத்துவிடும். அதனால் பயாஸ் என்கிற ஆரம்பத் திரையில் போய், இந்த நம்பரை யாருக்கும் கொடுக்காதே என்று நாமே ஒதுக்கிவைக்க வேண்டும். பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு சீட் பிடிப்பது மாதிரி என்பார் அண்ணா. கைக்குட்டையை எடுத்தால் எவன் வேண்டுமானாலும் உட்காருவான்.

கைக்குட்டை எந்த நம்பரில் என்பதை ஒரு தாளில் எழுதி கம்ப்யூட்டர் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுவார். எழுதுவது தமிழ், எழுத்து மராத்தி எழுத்து. அவருக்கு வேறு வழி இல்லை. எனக்கோ அந்த எழுத்தில் அச்சடித்த ஹிந்தியே தடுமாறித்தான் வரும், இதில் அவருடைய கோழிக் கிறுக்கலில் தமிழ் என்றால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்ட வேண்டும். இதற்கு உங்களையும் என்னையும் விட்டால் படிக்க ஆள் கிடையாதுங்ணா, நானும் படிக்க மாட்டேன் என்று கேலி செய்திருக்கிறேன். அவரும் என் "ங்ணா"வைச் சொல்லிக்காட்டிக் கேலி செய்வார்.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போசரியில் ஸ்ப்ரிங் செய்யும் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். செய்த ஸ்ப்ரிங்கை அழுத்திப் பார்த்து, எவ்வளவு தாங்குகிறது என்று சொல்லும் மிஷின் ஒன்று அங்கே இருந்தது. அதன் கார்டு சாட்சாத் மௌனசாமி, இடம் ஐந்தாம் நம்பர். அந்தத் தொழிற்சாலை அண்ணாவின் பொறுப்பு. உள்ளே போக கேட் பாஸும் அவர் பெயரில்தான். எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவருக்கு அவசரமென்றால் இன்னொருவர் அந்தப் பாஸை எடுத்துக்கொண்டு போவோம். காவலாளிக்கு எங்கள் இரண்டு முகமும் தெரியும், ரிஜிஸ்டரில் பாஸ் எண்ணை எழுதினால் போதும். எங்கள் முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டும் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், மழைக்காலம். தொழிற்சாலைக்கு வார விடுமுறை நாள். அந்தக் கம்ப்யூட்டர் தேதியைத் தப்பாகக் காட்டுகிறது, ரிப்போர்ட் எல்லாம் பழைய தேதியில் வருகிறது என்று புகார். அண்ணாவுக்கு வீட்டில் ஏதோ வேலை. நான் போனேன். உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மாற்றினேன். பேட்டரியைக் கழற்றினால் பயாஸில் கையால் செய்துவைத்ததெல்லாம் அழிந்து, கம்பெனியிலிருந்து வந்த மாதிரி ஆகிவிடும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். தேதி வைத்தேன், நேரம் வைத்தேன், டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்தேன், சேமித்து வெளியே வந்தேன். ஐந்தாம் நம்பரை ஒதுக்கவில்லை. மூடியின் உள்பக்கத்தில் தாள் ஒட்டியிருந்தது. பார்த்தேன். மழை வலுப்பதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லை. மூடியைப் போட்டேன்.

விடுமுறை என்பதால் மிஷினுக்குக் கரண்ட் இல்லை. ஸ்ப்ரிங் வைத்துச் சோதித்துப் பார்க்க முடியவில்லை. திரையில் பூஜ்யம் என்று காட்டியது. பூஜ்யம் சரிதானே என்று கிளம்பிவிட்டேன்.

நான் போன பிறகு ஐந்தாம் நம்பரில் நெட்வொர்க் கார்டு உட்கார்ந்துகொண்டது. மற்ற நேரத்தில் ஒன்றும் தெரியாது. ரிப்போர்ட் நெட்வொர்க் வழியாகப் போகும் நேரத்தில் மட்டும் மிஷினின் சில அளவுகள் வந்து சேராது. அளவு வராவிட்டால் அந்தப் பழைய புரோகிராம் முந்தைய ஸ்ப்ரிங்கின் அளவையே எடுத்துப் போட்டுவிடும். பலமில்லாத ஸ்ப்ரிங் பக்கத்து ஸ்ப்ரிங்கின் மார்க்கில் பாஸாகிவிட்டது. மூன்றாம் நாள், வாங்கியவர்கள் ஒரு லாட் முழுவதையும் திருப்பி அனுப்பினார்கள்.

அண்ணா போனார். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்தார். கடைசியாக இந்த மிஷினில் கைவைத்தது யார் என்று மேனேஜர் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். அதில் இருந்த பாஸ் எண் தாமோதரனுடையது. பேட்டரி புதிதாக இருந்ததை அண்ணா பார்த்திருப்பார். யார் மாற்றியது என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. "நான்தான்" என்றாராம்.

அன்று நான் சாக்கனில் இருந்தேன். சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, தாமு அண்ணாவுக்கு வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது, இனிமேல் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டேன், அவருடைய இடங்களை எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். "அப்படியா சார்" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

அண்ணாவுக்குப் போன் செய்தேன். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பாஸ் மேல யார் பேரோ, வேல மேலயும் அவன் பேருதான் மா. சோடு" என்றார், விட்டுவிடு என்று மராத்தியில். அப்புறம், என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டார். அந்த மாதம் கணவரின் கம்பெனியில் ஒரு பிரிவையே மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இல்லைங்ணா என்றேன். ம் என்றார்.

இதை வைத்து நான் எனக்கு ஒரு காரணம் செய்துகொண்டேன். வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான், வேலை போனால் என்ன செய்வது, கணவருக்கு வேலை கிடைத்ததும் சொல்லிவிடலாம். அவருக்கு வேலை கிடைத்தது. சொல்லவில்லை. அதற்குப் பிறகு விஷயம் பழையதாகிவிட்டது, இப்போது போய்க் கிளறுவானேன் என்று தோன்றியது. நான் கோழை என்று சொல்வது எளிது. கோழைத்தனம் இப்படிச் சின்னச் சின்னதாக, நியாயமாக வரும் என்பது எனக்கு முன்னால் தெரியாது.

அந்த ஒன்றரை வருடத்தில் கட்கிக்கு இரண்டு முறை போனேன். இரண்டாவது முறை அவர் பக்கத்து வீட்டுக்காரரின் மிக்ஸியைப் பிரித்துப் பரப்பிவைத்திருந்தார். அவர் மனைவி சரோஜா அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் காதுபடவே என்னிடம் சொன்னார். "கண்ணும் போச்சு, நெனப்பும் போச்சு. இவர நம்பி இனிமே யார் மிஷின குடுப்பாங்க?" அண்ணா தலை நிமிராமல், அவ சொல்றது கரெக்ட்தான், நேத்து டீயில உப்பு போட்டேன் என்று சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அவமானத்தோடு வீடு திரும்பிய புருஷனைப் பார்த்தவர் அவர். அவருக்குச் சிரிப்பு வராது.

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். அண்ணி அடுப்படிக்குப் போனதும் நான் மெதுவாக, "அண்ணா, அந்த பேட்டரி..." என்று ஆரம்பித்தேன். அவர் மிக்ஸியின் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பேட்டரி நல்லா மாட்டியிருந்த மா. துளி ஆடல" என்றார். நான் டீயைக் குடித்து முடித்தேன். மெட்ரோவில் ஏறி வீட்டுக்கு வந்து துணி மடித்தேன்.

சாவுக்குப் போனேன். போசரியிலிருந்தும் சாக்கனிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வாசலில் நின்றுகொண்டிருந்த ஒருவர் இன்னொருவரிடம், ராஜா மாதிரி வேலை செய்த மனுஷன், கடைசியில் ஒரு சறுக்கல் என்று ஹிந்தியில் சொன்னார். கேட்டவரும் தலையாட்டினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அண்ணி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, கூடவே வேலை செய்தாயே, அவருக்கு எதனால் அன்றைக்கு அப்படித் தவறிப்போனது என்று உனக்காவது சொன்னாரா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். இதையும் எழுதத்தான் வேண்டும். பிணத்தின் முன்னால் நின்று பொய் சொன்னேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பசித்தது.

கருமாதி முடிந்து மூன்றாம் நாள் தனியாகப் போனேன். மதியம் மூன்று மணி. அண்ணி கட்டிலில் அவருடைய சட்டைகளைப் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயம்.

"அண்ணி, அந்த போசரி மிஷின்ல தப்பு பண்ணுனது அண்ணா இல்லீங்க. நானுங்க."

அவருக்கு விளங்கவில்லை. முதலிலிருந்து சொன்னேன். பாஸ், பேட்டரி, ஐந்தாம் நம்பர், படிக்காமல் விட்ட தாள், முதலாளியிடம் சொன்ன "அப்படியா சார்" எல்லாம். முடித்ததும் அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார், அவருக்குத் தெரியுமா என்று. முதல் நாளே தெரியும் என்றேன். கையிலிருந்த சட்டையைப் பிரித்தார், மறுபடி மடித்தார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன். அண்ணி என்னைப் பார்க்காமல், சட்டையிடம் சொல்வது மாதிரி சொன்னார்:

"தீவாளிக்கு மின்ன சாக்கன்லேர்ந்து ஒரு சாஹேப் போன் பண்ணாரு. பழைய மிஷின் ஒண்ணு நின்னுபோச்சு, தாமு அண்ணாதான் வந்து பாக்கணும்னு. இவரு குளிச்சிக்கினு இருந்தாரு. நான் எடுத்தேன். அவரால இப்பல்லாம் முடியல, கைவேல தப்பாகுதுன்னு சொல்லி வெச்சிட்டேன். இவருகிட்ட சொல்லவே இல்ல. மறுபடி எங்கியாவது தலகுனிஞ்சி வந்து நிப்பாருன்னு பயந்துக்கினு."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. என் பாரத்தை இறக்கிவைக்கப் போனவள், அதைக் கொண்டுபோய் அண்ணியின் மடியில் வைத்துவிட்டேன். அன்று முதலாளியிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தால், அந்தப் போனை அண்ணி அவரிடம் கொடுத்திருப்பார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு சாக்கனுக்குப் போயிருப்பார். போன் வந்ததே தெரியாமல் போய்விட்டார்.

மன்னித்துவிடுங்கள் அண்ணி என்றேன். அவர் சட்டைகளை அடுக்கிப் பெட்டியில் வைத்தார். அண்ணாவைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இதை எழுதப்போகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்.

"எழுது. ஆனா உன்ன மட்டும் போட்டு எழுதாத. நான் போன்ல சொன்னதையும் எழுது. அவர நம்பாம போனது ஊரு மட்டும் இல்ல, கூட இருந்தவளும்தான்னு எழுது."

எழுதிவிட்டேன்.

முதலாளியிடமும் சொன்னேன். இனிமேல் இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார். பைலில் இருக்கும் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன். போட்டார். என் வேலை என்ன ஆகும் என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்களில் யாரெல்லாம் தாமு அண்ணாவுக்குக் கடைசியில் கண் மங்கிவிட்டது, கை தவறிவிட்டது என்று சொன்னீர்களோ, யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே போய் இல்லை என்று சொல்லுங்கள். அவர் கண் கடைசிவரை நன்றாக இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் என் தவறைக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. அவரைத் தவிர வேறு யாருக்கும் அது ஒரு வாரம் ஆகியிருக்கும். எனக்கும்தான்.

அன்று கட்கியிலிருந்து கிளம்பும்போது அண்ணி, அண்ணாவுடைய ஸ்க்ரூடிரைவர் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினார். வாங்கவில்லை. அண்ணாவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான், ஒன்றரை வருடம் அவர் தன் பெயரில் சுமந்த என் தவறு. அது என்னுடையது.